தாயைப் போல பிள்ளையா?

(காரமடையில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



"நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை" என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. இந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் நூல் நூற்கிறவர்கள். பக்கத்துச் சிறுமுகையிலிருந்து சேலை நெய்கிறவர்களும் வந்திருக்கிறார்கள். அவர்களிடம் ஒன்று கேட்கிறோம். பாவு மட்டும் இருந்தால் சேலை ஆகுமா? ஊடையும் வேண்டும் அல்லவா? இரண்டும் சேர்ந்தால்தானே சேலை! அப்படியிருக்க, பிள்ளைக்கு மட்டும் தாயை வைத்துக் கணக்குச் சொல்வானேன்?

பிள்ளை நன்றாக இருந்தால் "எங்கள் வம்சம்" என்று தகப்பன் வீடு மார்தட்டுகிறது. பிள்ளைக்கு நோய் வந்தால் "தாயைப் போல பிள்ளை" என்று பழமொழி கிளம்புகிறது. இந்த அநியாயத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம். நாம் பேசப் போவது விஞ்ஞானம். ஆனால் பேச்சு முழுவதும் நம் வீட்டு விஷயம்.

ஒரு தாயின் வழக்கு

பில்லூர் போகும் வழியில், மலைச் சரிவில் உள்ள ஒரு பதியில் இருளர் பெண் ஒருவரைப் பார்த்தோம். பெயர் வேண்டாம். கீழே வாழைத் தோட்டத்திற்குக் கூலி வேலைக்கு வருகிறவர். இரண்டு பிள்ளைகள். மூத்தவன் நன்றாக இருக்கிறான். இளையவளுக்கு ஒரு வயது நிறைவதற்குள் கைவிரலும் கால்விரலும் வீங்கின. பிறகு அடிக்கடி மூட்டிலும் முதுகிலும் வலி, கண்ணில் மஞ்சள், நாலடி ஓடினால் மூச்சு வாங்கும். வலி வந்தால் இரவெல்லாம் அலறுவாள். நாலு நாள் போனால் எழுந்து விளையாடுவாள். மந்திரித்துப் பார்த்தார்கள், கயிறு கட்டிப் பார்த்தார்கள். கடைசியில் மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"எங்க ஊட்டுல யாருக்கும் இந்தச் சீக்குக் கெடையாதுங்க. இவ கொண்டாந்ததுங்க."

"எங்க அப்பன் ஊட்டுலயும் இல்லீங்களே!" என்று அந்தத் தாய் அழுதார்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதித்தார்கள். பிள்ளைக்கு இருந்தது சிக்கிள் செல் சோகை. கதிர் அரிவாள் சோகை என்றும் சொல்வார்கள். தாய் தகப்பன் இருவர் ரத்தத்தையும் சோதித்தபோது, இருவரிடமும் அந்த நோயின் வித்து ஒவ்வொரு பங்கு இருந்தது. மாமியார் சொன்னதும் மெய். மருமகள் சொன்னதும் மெய். இரண்டு வீட்டிலும் நோயாளி இல்லை. ஆனால் இரண்டு வீட்டிலும் வித்து இருந்தது. நோய் இல்லாத வீட்டில் நோயின் வித்து எப்படி இருக்கும்? கேள்வி இதுதான்.

பட்டாணி சொன்ன கணக்கு

இதற்கு விடை கண்டவர் கிரிகோர் மெண்டல். 1822-ஆம் ஆண்டு, அன்றைய ஆஸ்திரிய சாம்ராஜ்யத்தில் ஒரு குடியானவர் வீட்டில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் வாரத்தில் மூன்று நாள் ஜமீன் நிலத்தில் வெட்டி உழைப்புச் செய்யக் கடமைப்பட்டிருந்தவர். மேலே படிக்கக் கையில் காசில்லாமல் மெண்டல் மடத்தில் சேர்ந்தார். இன்று செக் நாட்டில் உள்ள பிர்னோ நகரத்து மடத்தின் தோட்டத்தில், 1856 முதல் 1863 வரை, ஏறத்தாழ 28,000 பட்டாணிச் செடிகளை வளர்த்து ஆராய்ந்தார். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்திற்கு மூட்டை மூட்டையாக இறங்குகிறதே, அதே பட்டாணிதான்.

உருண்டை மணிப் பட்டாணியையும் சுருங்கிய மணிப் பட்டாணியையும் ஒட்டினார். பாதி உருண்டை, பாதி சுருக்கம் என்று நடுத்தரமாக வரும் என்றுதானே நாம் நினைப்போம்? வந்தது அத்தனையும் உருண்டை! சுருக்கம் தொலைந்தே போயிற்று என்று தோன்றியது. அந்த உருண்டை மணிகளை மறுபடி விதைத்துத் தம்மில் தாமே காய்க்க விட்டார். வந்தவை 7,324 மணிகள். அவற்றில் 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். தொலைந்த சுருக்கம் திரும்பி வந்துவிட்டது! மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் வந்தது.

இதை 1865-இல் அறிஞர் கூட்டத்தில் படித்தார். அன்று இதன் பெருமை யாருக்கும் புரியவில்லை. 1884-இல் மெண்டல் இறந்தார். 1900-இல்தான் உலகம் அந்தக் கணக்கைக் கண்டெடுத்தது.

கலவை அல்ல, இரட்டை இழை

மில் தொழிலாளிக்கு இதை ஒரே நிமிடத்தில் விளக்கிவிடலாம். புளோ ரூமில் இரண்டு ரகப் பஞ்சைக் கலந்தால் பிறகு பிரிக்க முடியாது. தாய் தகப்பன் குணங்கள் பிள்ளையிடம் அப்படித்தான் கலந்து போகின்றன என்று அதுவரை எண்ணியிருந்தார்கள். அப்படியல்ல என்றார் மெண்டல். பரம்பரைக் குணம் புளோ ரூம் கலவை அல்ல, டபுளிங் நூல். இரண்டு இழையைச் சேர்த்து முறுக்குகிறோம். முறுக்கைப் பிரித்தால் ஒவ்வொரு இழையும் கெடாமல் தனியே வந்துவிடும்.

அந்த இழைக்குத்தான் ஜீன் என்று பெயர். தமிழில் மரபணு என்கிறோம். பெரும்பாலான குணங்களுக்கு நம் உடம்பில் ஜீன்கள் இரண்டிரண்டாக இருக்கின்றன. ஒன்று தாய் தந்தது. ஒன்று தகப்பன் தந்தது. பிள்ளை பெறும்போது நாமும் இரண்டில் ஒன்றைத்தான் கொடுக்கிறோம். எதைக் கொடுப்பது என்பது நம் கையில் இல்லை.

இரண்டும் வேறு வேறாக இருந்து, ஒன்று மட்டும் வெளியே தெரிந்தால், தெரிவதை ஓங்கு ஜீன் என்பார்கள். மறைந்து நிற்பதை ஒடுங்கு ஜீன் என்பார்கள். ஒடுங்கு ஜீனின் குணம் வெளியே வர வேண்டுமானால் இரண்டு இழையும் அதுவாகவே இருக்க வேண்டும். இந்தப் பேச்சில் ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டு போவதானால் இதைக் கொண்டு போங்கள்: மறைந்திருப்பது, இல்லாததாகிவிடாது.

பூவா, தலையா?

இப்போது அந்தத் தாயின் வழக்குக்கு வருவோம். பையிலிருந்து இரண்டு காசு எடுங்கள். ஒன்று தாயின் காசு, ஒன்று தகப்பன் காசு. தலை விழுந்தால் நல்ல ஜீன்; பூ விழுந்தால் நோய் ஜீன். இருவரும் சுண்டட்டும். தலை, தலை விழுந்தால் பிள்ளைக்கு நோயும் இல்லை, வித்தும் இல்லை. ஒன்று தலை, ஒன்று பூ என்று விழ இரண்டு வழி உண்டு. அந்தப் பிள்ளை தாய் தகப்பனைப் போலவே வித்தைச் சுமக்கும், நோயாளி ஆகாது. இரண்டும் பூவாக விழுந்தால் நோய். ஆக, நாலில் ஒரு பங்கு நோய். நாலில் இரண்டு பங்கு சுமப்பவர். நாலில் ஒரு பங்கு இரண்டும் இல்லாதவர்.

இதில் ஒரு ஏமாற்றம் உண்டு. எச்சரிக்கையாக இருக்க வேண்டும். "நாலில் ஒன்றுதானே, முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்குப் பயமில்லை" என்று எண்ணக் கூடாது. காசுக்கு ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் காசு புதிதாகச் சுண்டப்படுகிறது.

ஒருவர் மட்டும் சுமப்பவர், மற்றவர் சுமக்காதவர் என்றால்? அப்போது இரண்டு பூ விழ வழியே இல்லை. எந்தப் பிள்ளைக்கும் இந்தச் சோகை வராது. ஆனால் பாதிக்குப் பாதி வாய்ப்பில் வித்து அடுத்த தலைமுறைக்குப் போகும். இப்படித்தான் அது பாட்டன், பூட்டன் காலமாக ஓசையில்லாமல் நடந்து வருகிறது. "எங்க ஊட்டுல இல்லீங்க" என்று சொல்ல வைப்பதும் இதுதான்.

வழக்கின் தீர்ப்பு என்ன? குற்றவாளி யாரும் இல்லை. பங்கு என்று பார்த்தால் தாய்க்குப் பாதி, தகப்பனுக்குப் பாதி.

நம் மலையில் கண்டது

இது எங்கோ அயல்நாட்டு நோய் என்று எண்ண வேண்டாம். 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் நீலகிரி வட்டாரத்துப் பழங்குடி மக்களின் ரத்தத்தில் இந்தக் குணத்தைக் கண்டு உலகுக்கு அறிவித்தார்கள். அதே ஆண்டு அஸ்ஸாமின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடையே இந்த நோய் இருப்பதாக மற்றொரு அறிக்கை வந்தது. இந்தியாவில் இந்த நோயின் சரித்திரம் மலைமக்களிடமும் தோட்டக் கூலிகளிடமும்தான் தொடங்குகிறது.

உடம்புக்குள் நடப்பது என்ன? நம் ரத்தச் சிவப்பணுக்களில் ஹீமோகுளோபின் என்ற புரதம் இருக்கிறது. மூச்சுக் காற்றின் பிராணவாயுவை உடம்பெங்கும் சுமந்து செல்லும் கூலி அது. அதில் ஒருவகைச் சங்கிலிக்கு 146 கண்ணிகள். இந்த நோயில் ஆறாவது கண்ணி மட்டும் மாறியிருக்கிறது. 145 சரி, ஒன்றே ஒன்று மாற்றம். அதனால், பிராணவாயுவை இறக்கிய பிறகு, உருண்டு மிருதுவாக இருக்க வேண்டிய அணு வளைந்து விறைத்து அரிவாள் போல் ஆகிவிடுகிறது. கதிர் அரிவாள் நமக்கு உழைப்பின் சின்னம். வயலில் அது சோறு போடும். ரத்தக் குழாயில் அது வழியை அடைக்கும். அடைத்த இடத்தில் பொறுக்க முடியாத வலி. நல்ல சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அரிவாள் அணு 10 முதல் 20 நாளில் செத்துவிடும். அதனால் சோகை.

அப்படியானால் இந்த ஜீன் ஏன் அழிந்து போகவில்லை? இதற்கு வழி காட்டியவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். பிரிட்டிஷ் கம்யூனிஸ்டுக் கட்சியில் இருந்தவர். தொழிலாளர் பத்திரிகையில் தொழிலாளிக்குப் புரிய விஞ்ஞானம் எழுதியவர். 1957-இல் இந்தியாவுக்கு வந்து, இங்கேயே வாழ்ந்து, 1964-இல் புவனேஸ்வரத்தில் மறைந்தவர். இதே இனத்தைச் சேர்ந்த தலசீமியா என்ற ரத்தக் குறையைச் சுமப்பவர்கள் மலேரியாவைத் தாங்கிப் பிழைத்திருக்கலாம் என்று 1949-இல் சொன்னார். 1954-இல் ஆலிசன் என்பவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆராய்ந்து, அரிவாள் ஜீன் ஒன்றை மட்டும் சுமப்பவரைக் கொடிய மலேரியா எளிதில் கொல்வதில்லை என்று காட்டினார். ஆகவே இது யாருடைய "கெட்ட ரத்தமும்" அல்ல. மலேரியாக் காட்டில் மூதாதையரைக் காத்த கேடயம் இது. ஒரு இழை இருந்தால் கேடயம். இரண்டு இழையானால் நோய். மலைமக்களை இழிவாகப் பேசுகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

ஓங்கியது உயர்ந்ததல்ல

'ஓங்கு', 'ஒடுங்கு' என்ற சொற்களைக் கேட்டதும் நம் ஊர்ப் புத்தி வேறு பக்கம் ஓடும். ஓங்கு என்றால் உசத்தி, ஒடுங்கு என்றால் தாழ்ச்சி என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளும். அது தவறு. பிறவியிலேயே ஆறு விரல் வருவது பல குடும்பங்களில் ஓங்கு ஜீனால்தான். ஊரில் எத்தனை பேருக்கு ஆறு விரல்? ரத்தத்தில் 'ஓ' வகை ஒடுங்கு குணம். ஆனால் தமிழ்நாட்டில் அதிகம் பேருக்கு இருப்பது அந்த 'ஓ' வகையே. ஓங்கு என்பது வெளியே தெரியும் முறையைச் சொல்கிறது. நல்லது, கெட்டது, கூட, குறைய என்பதைச் சொல்லவில்லை.

ரத்த வகையைச் சொன்னதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். புருஷனுக்கு 'ஏ' வகை, மனைவிக்கு 'ஏ' வகை, பிள்ளைக்கு 'ஓ' வகை. "இது எப்படி?" என்று மனைவியைச் சந்தேகப்பட்டவர்கள் உண்டு. சந்தேகத்திற்கு இடமில்லை, தோழர்களே! இருவரும் 'ஏ'யின் பின்னால் ஒரு 'ஓ'வை ஒளித்து வைத்திருக்கலாம். இரண்டு 'ஓ'வும் சேர்ந்தால் பிள்ளை 'ஓ' வகை. அரைகுறை அறிவு ஒரு குடும்பத்தைக் கெடுத்துவிடும். முழுக் கணக்குத் தெரிந்தால் கண்ணீர் மிச்சம்.

பங்காளியும் மாமனும்

நம் பக்கத்தில் ஒரே கூட்டத்தில் பெண் எடுக்க மாட்டார்கள். பங்காளி ஒரே ரத்தம், அண்ணன் தங்கை முறை என்பார்கள். ஆனால் மாமன் மகளை, அக்காள் மகளைக் கட்டலாம். அது உரிமை என்பார்கள். ஜீன் இந்த முறையை அறியாது. சித்தப்பன் மகளும் மாமன் மகளும் நமக்கு ஒரே அளவு நெருக்கம்; எட்டில் ஒரு பங்கு ஜீன்கள் பொது. அக்காள் மகளோ இன்னும் நெருக்கம். நாலில் ஒரு பங்கு. ஒரே பாட்டன் சுமந்த ஒடுங்கு ஜீன் இரண்டு பேரன் பேத்திகளிடம் வந்து, அவர்கள் மணந்தால் மறுபடி சந்திக்க வாய்ப்பு அதிகம். அரிவாள் சோகைக்கு மட்டும் அல்ல, தலசீமியா போன்ற பல ஒடுங்கு நோய்களுக்கும் இதுதான் கணக்கு.

உறவில் மணந்தவர்கள் பயப்பட வேண்டாம். அவர்களில் பெரும்பாலோரின் பிள்ளைகள் நன்றாகவே இருக்கின்றன. இனி மணக்கப் போகிறவர்கள் கணக்குத் தெரிந்து முடிவு செய்யட்டும் என்பதே நாம் சொல்வது. 'சுத்த ரத்தம்' பேசுகிறவர்கள் கோவைக் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தைப் போய்ப் பார்க்கட்டும். 1912-இல் தொடங்கிய அந்த நிலையத்தில் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் வயல் கரும்பைக் காட்டு நாணல் இனத்தோடு ஒட்டினார்கள். 1918-இல் கோ 205 வந்தது. வட இந்தியாவின் கரும்பு வயல்களைப் பிழைக்க வைத்தது. யாரும் மதிக்காத நாணல்தான் அதற்குத் தாங்கும் சக்தியைக் கொடுத்தது!

நாம் செய்ய வேண்டியது

இன்று நம் மில் ஹாஸ்டல்களில் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். ஒடிசா இந்த நோய் மிகுந்த மாநிலங்களில் ஒன்று. தண்ணீர் குறைந்தால், உடம்பை மீறி உழைத்தால், கடும் குளிரோ வெக்கையோ பட்டால், காய்ச்சல் கண்டால் வலி கிளம்பும். ஸ்பின்னிங் வெக்கையில், தண்ணீர் குடிக்கவும் நேரமில்லாமல் நிற்கும் ஒரு பெண் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், "வேலைக் கள்ளி" என்று மேஸ்திரி சொல்லலாம். பக்கத்து மிஷினில் நிற்கும் நாம் அப்படிச் சொல்லலாமா?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்த நோயைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2023 ஜூலையில் மத்திய சர்க்கார் இதை ஒழிக்கத் தேசிய இயக்கம் ஒன்றைத் தொடங்கிற்று. தமிழ்நாடு உட்பட 17 மாநிலங்களில் 7 கோடிப் பேரைச் சோதிப்பது திட்டம். கேட்க நன்றாக இருக்கிறது. சோதித்து அட்டை கொடுத்தால் மட்டும் போதாது. மலைப் பதிக்கு மருந்து ஏற வேண்டும். ஹைட்ராக்ஸியூரியா என்ற மாத்திரை, வைத்தியர் கண்காணிப்பில் சாப்பிட்டால், பலருக்கு வலியின் தாக்குதலைக் குறைக்கிறது. அது இலவசமாக, தடையின்றிக் கிடைக்க வேண்டும். 2023 டிசம்பரில் ஜீனையே திருத்தும் வைத்தியத்திற்கு அமெரிக்கா அனுமதி தந்தது. அங்கே அதன் விலை 22 லட்சம் டாலர்! விஞ்ஞானம் வந்துவிட்டது, அது வாழைத் தோட்டக் கூலியின் மகளை எப்போது எட்டும்? இதைக் கேட்கும் பொறுப்பு சங்கத்திற்கு உண்டு.

ஆகவே நாம் கேட்பவை இவை. மலைப் பதிகளிலும் மில் ஹாஸ்டல்களிலும் விரும்புகிறவர்களுக்கு இலவச ரத்தப் பரிசோதனை வேண்டும். முடிவு அவரவர் ரகசியம். அதைக் காட்டி யாரையும் வேலைக்கு மறுக்கவோ நீக்கவோ கூடாது. நோயுள்ள தொழிலாளிக்குத் தண்ணீரும், ஓய்வும், சம்பளத்தோடு லீவும் வேண்டும்.

நம் வீட்டுக்கும் ஒன்று சொல்வோம். கல்யாணத்திற்கு முன்னால் ஜாதகம் பார்க்கிறோம். பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தமும் பார்ப்போம். இருவரும் சுமப்பவர் என்று தெரிந்தால் மணக்காதே என்று ஆணையிட யாருக்கும் அதிகாரம் இல்லை. கருவிலேயே சோதித்து அறியவும் இன்று வழி இருக்கிறது. தெரிந்து முடிவு செய்வது அவர்கள் உரிமை.

அந்தப் பதிக்கு மறுபடி போனபோது மாமியாரிடமும் இரண்டு காசைக் கொடுத்துச் சுண்டச் சொன்னோம். ஐந்தாறு முறை சுண்டிப் பார்த்தார். பிறகு நம்மிடம் ஒன்றும் பேசவில்லை. பேத்தியின் மாத்திரைச் சீட்டை எடுத்து, தன் சுருக்குப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். மருமகள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தோழர்களே! சேலைக்குப் பாவும் வேண்டும், ஊடையும் வேண்டும். பிள்ளை இருவரின் பிள்ளை. அதன் நோயும் இருவரின் பொறுப்பு. அதற்கு வைத்தியம் கிடைக்கச் செய்வது நம் எல்லோரின் பொறுப்பு. இதை இன்றிரவு வீட்டில் சொல்லுங்கள். நாளைக் காலை ஷிப்டிலும் சொல்லுங்கள்.